விளக்கு எரிவது முன்னால்தானே

“அது எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகுது, நீங்க ரோட்டப் பாத்து...”

“ரோட்டப் பாக்க எங்க விடுது? மூஞ்சிக்கு நேரா மஞ்சளா முழிச்சுக்கிட்டு...”

“நேத்து மழை பெஞ்சதுல ஈரம் ஏறியிருக்கும்னு சொல்றேன்ல...”

“காரைக்குடியில நேத்து எங்க மழை பெஞ்சுச்சு?”

“கண்டனூர்ல பெஞ்சுச்சாம்.”

“கண்டனூர்ல மழை பெஞ்சா காரைக்குடியில நிக்கிற வண்டிக்குச் சளி பிடிக்குமாக்கும்!”

 மீனலோசனியின் கண் கணவருடைய வேட்டியில் இருந்தது.

நாச்சியாபுரத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டை முடித்துக்கொண்டு இருவரும் காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவர் சத்தியமூர்த்தி. கல்யாண வீட்டு வாசலில் வண்டி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருந்தது. அந்தச் சூட்டில் பசை இளகி, ஸ்டியரிங்குக்கு நேரே எரிகிற மஞ்சள் எச்சரிக்கை விளக்கை ஒன்பது நாளாக மூடிக்கொண்டிருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு கழன்று விழுந்துவிட்டது. விழுந்த இடம் அவருடைய வெள்ளை வேட்டி, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே.

பொட்டை விளக்கின்மேல் ஒட்டியவள் மீனலோசனிதான்.

ஒன்பது நாளைக்கு முன்பு, கண்டனூரில் சின்னம்மா மகள் தேனம்மை வீட்டு வாசலில், அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். வண்டி பீப் பீப் என்று கத்தத்தான் செய்தது. பின்சீட்டில் இருந்த மூன்று பெண்கள் அதைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசல் தூணில் இடது மூலை மோதி, பம்பரில் ஒரு கோடும் ஒரு ஓட்டையும் விழுந்தன. அந்த வீட்டில் சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் சோணை ஓடிவந்தான்.

“அழுகாதீக ஆச்சி. இடிஞ்ச சுவத்தையே எடுத்து நிறுத்துறவன், இத நிறுத்த மாட்டேனா?”

“சோணை, அவுகளுக்குத் தெரியக் கூடாது.”

“பாத்துட்டு நீங்களே எங்க இடிச்சீகன்னு தேடுவீக.”

அவன் சொன்னபடியே செய்தான். வெள்ளை வண்டி, வெள்ளைச் சுண்ணாம்பு. முக்கால் மணி நேரத்தில் கோடும் இல்லை, ஓட்டையும் இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது. அதற்கு அவள் கைப்பையிலேயே மருந்து இருந்தது.

இப்போது அந்த மருந்து வேட்டியில். கையை மெதுவாக நீட்டினாள்.

“என்ன?”

“நூலு.”

“வண்டி ஓட்டுறப்ப மடியில கைய வைக்காத.”

கையை இழுத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பயம் விளக்கைப் பற்றி இல்லை, சாவியைப் பற்றி. ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கினாள். அதற்கு முந்தைய முப்பத்துநாலு வருஷம், எங்கே போவதென்றாலும் அவர் பேப்பர் படித்து முடிக்கும்வரை, காப்பி குடித்து முடிக்கும்வரை, “வெயில் தாழட்டும்” என்று சொல்லி முடிக்கும்வரை, புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தவள். லைசென்ஸ் வந்த அன்றைக்கு அவர் தம் அக்கா சிட்டாளைச் சாட்சியாக உட்கார வைத்து, வண்டியின் இரண்டாவது சாவியை அவளிடம் கொடுத்தார்.

“ஒரு கீறல் விழுந்தா இந்தச் சாவி எங்கிட்டத் திரும்பி வந்துரணும். சரியா?”

சாவி கைக்கு வந்தால் போதும் என்று அவளும் சரி என்றாள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் கண்டனூர் போய்த் தேனம்மையையும் மற்ற இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி. சாமி கும்பிட்டுவிட்டு வருகிற வழியில் ஆளுக்கு இரண்டு பரோட்டா. பரோட்டாவைப் பற்றி வீட்டில் சொல்வதில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

“லைட்டு எரியிறது, பீப் பீப்புனு கத்துறது, இந்தச் சமாச்சாரமே ஆகாத வேலை,” என்றார் சத்தியமூர்த்தி. “சத்தம் கேட்டு வண்டி எடுக்குறவன் டிரைவரா? கழுத்தத் திருப்பிப் பாக்கணும். நாப்பது வருஷமா எனக்கு எந்த மிஷினு கத்துச்சு?”

“அப்ப அது எரிஞ்சா உங்களுக்கு என்ன?”

“எனக்கு ஒண்ணுமில்ல. ஃபியூஸாத்தான் இருக்கும். தானா சரியாயிரும்.”

“நானும் அதத்தான சொன்னேன்.”

“நீ ஈரம்னு சொன்ன.”

அப்போது வண்டிக்குள்ளேயே போன் மணி அடித்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ராமநாதன். வண்டி வாங்கும்போது அதற்கென்று ஒரு ஆப்பைத் தன் போனில் இறக்கி வைத்திருந்தான். இத்தனை நாள் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பது அவன் பேச்சிலேயே தெரிந்தது.

“அப்பச்சி, வண்டியில பார்க்கிங் சென்சார் கோளாறுன்னு காட்டுதே. பின்னால ஏதாவது இடிச்சீகளா?”

“யாரு இடிச்சா?” என்றார் அவர்.

“எதுக்கு இடிக்கிறோம்?” என்றாள் அவள்.

“சரி, சரி. கம்பெனி சர்வீஸ்ல விட்டுருங்க. எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாக.”

“போட்டோல்லாம் எதுக்குடா!” என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

“சர்வீஸுக்குப் போனா ஒரு நாளு ஆகும்டா தம்பி. நம்ம சேவுகப்பெருமாள் செட்டு போற வழியிலதான இருக்கு,” என்றாள் மீனலோசனி.

“ஆமா, அவன் கைராசிக்காரன்,” என்றார் சத்தியமூர்த்தி. போன மாதம்வரை அவருக்கு அவன் ஒரு தகர டப்பா தட்டுகிறவன்.

மகன் போனை வைத்த பிறகு இருவரும் ரோட்டையே பார்த்தார்கள். இவர் ஏன் சர்வீஸ் வேண்டாம் என்கிறார் என்று அவளுக்கும், இவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று அவருக்கும் தோன்றியது. கேட்டால் தன்னையும் கேட்பார்களே என்று இருவருமே கேட்கவில்லை.

மெக்கானிக் சேவுகப்பெருமாளுக்குச் சொந்த ஊர் சிங்கம்புணரிப் பக்கம். இங்கே காரைக்குடிக்குள் நுழைகிற இடத்தில் செட் போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. வண்டியை உள்ளே விடச் சொல்லிவிட்டு, வாசல் வழியில் பாதியை அடைத்து நின்ற தன் புல்லட்டைப் பார்த்தான், அதை நகர்த்தச் சோம்பல்பட்டு அப்படியே விட்டான்.

“வாங்கய்யா. வாங்க ஆச்சி. என்ன, ரெண்டு பேருமா வந்திருக்கீக?”

“ஒரு மஞ்ச லைட்டு எரியுது. ஃபியூஸ் மாத்திவிடு,” என்றார் அவர்.

“எப்ப இருந்து எரியுது?”

“இப்பத்தான்!” இருவரும்.

“எங்கயாவது இடிச்சு கிடிச்சு...”

“இல்லவே இல்ல!” இருவரும்.

சேவுகப்பெருமாள் அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“உங்க ரெண்டு பேருக்கும் இம்புட்டு ஒத்துமைய நான் பாத்ததே இல்லையே.”

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“ஃபியூஸ் நல்லாருக்கு.”

“அப்ப பேட்டரி,” என்றார் அவர்.

பேட்டரியைப் பார்த்தான். “பேட்டரியும் நல்லாருக்கு.”

“ஈரம்?” என்றாள் அவள்.

“வண்டி அடுப்பு மாதிரி கொதிக்குது ஆச்சி. இதுல எங்க ஈரம்?”

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, விளக்கை உற்றுப் பார்த்தான். பிறகு அதன்மேல் இருந்த கண்ணாடியை விரலால் தொட்டான். விரல் ஒட்டியது.

“இங்க வட்டமா பசை இருக்கே.”

 சேவுகப்பெருமாள் தலையை வெளியே நீட்டினான். கதவருகே நின்ற சத்தியமூர்த்தியின் வேட்டி அவன் கண்ணுக்கு நேராக இருந்தது.

“ஐயா, வேட்டியில பொட்டு இருக்கு.”

சத்தியமூர்த்தி குனிந்து பார்த்தார். பதறிப்போய் நிமிர்ந்தார். “மீனா, இது உன்னுதா?”

அவள் நெற்றியில் அரக்குச் சிவப்பில் ஒரு பொட்டு இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினாள்.

“நான் எப்பக் கறுப்பு வச்சேன்?”

“அப்ப யாருது?”

“என்னயக் கேட்டா? வேட்டி உங்களுது.”

“கல்யாண வீட்டுல... ஏதாவது பிள்ளைக வந்து...”

“எந்தப் பிள்ளை வந்து உங்க மடியில உக்காந்துச்சு?”

“பொறுங்க ஆச்சி,” என்று சேவுகப்பெருமாள் அந்தப் பொட்டை இரண்டு விரலால் எடுத்தான். பசை வட்டத்தின்மேல் வைத்தான். மூடி போட்டதுபோல் உட்கார்ந்தது. விளக்கு மறைந்தது. எடுத்தான். விளக்கு தெரிந்தது. மறுபடி வைத்தான்.

“எரியிற லைட்டுக்குப் பொட்டு வச்சிருக்காக.”

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“திருஷ்டிக்கு வச்சேன்,” என்றாள்.

“திருஷ்டிக்கா?”

“புது வண்டி. நாலு பேரு கண்ணு படும்.”

“சரியா அந்த லைட்டு மேலயா?”

“அங்கதான் மூஞ்சி மாதிரி இருந்துச்சு.”

“என்னைக்கு வச்ச?”

“போன புதன்கிழமைக்கு முந்துன புதன்.”

சத்தியமூர்த்தி விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தோளை நிமிர்த்திக்கொண்டார்.

“அப்ப ஒம்பது நாளா எரியுது! சேவுகம், பின்னால போயி நல்லாப் பாரு. என்ன இடிச்சிருக்குன்னு இன்னைக்குத்...” என்று ஆரம்பித்தவர், எதையோ நினைத்துக்கொண்டு, “இல்ல, வேண்டாம். பின்னால ஒண்ணும் இருக்காது,” என்று முடித்தார்.

சேவுகப்பெருமாள் அதற்குள் இறங்கிவிட்டான்.

மீனலோசனி குறுக்கே போய் நின்றாள். “லைட்டு முன்னாலதான எரியுது? பின்னால எதுக்குப் போற?”

“ஆச்சி, காய்ச்சல் வந்தா டாக்டரு நாக்க நீட்டச் சொல்றாரு. அதுக்காக நாக்குலயா ஊசி போடுவாரு?”

“அவ கேக்குறதுல ஞாயம் இருக்கு சேவுகம்,” என்றார் சத்தியமூர்த்தி.

மீனலோசனி திடுக்கிட்டுப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று அவர் சொன்னதே இல்லை. இப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே சந்தேகம் வந்தது.

“நீங்க எதுக்கு வேண்டாங்குறீக?”

“நீதான வேண்டாம்ன!”

“நான் வேண்டாம்னா நீங்க வேணும்பீகளே!”

சேவுகப்பெருமாள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பம்பரை உற்றுப் பார்த்தான்.

“ஐயா, வண்டியில எதுவும் பலகாரம் வச்சிருக்கீகளா?”

“இல்லையே.”

“பின்ன எறும்பு எங்குட்டுப் போகுது?”

டயரில் ஏறி, பம்பரின் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சிற்றெறும்பு இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரிசை இடது மூலைக்கு. இன்னொன்று வலது மூலைக்கு.

“ஆச்சி, உள்ள உக்காந்து ரிவர்ஸ் கியர் போடுங்க. பிரேக்க மிதிச்சுக்கிருங்க. எஞ்சின் வேண்டாம், சாவி மட்டும்.”

போட்டாள். வண்டி ஒரே ஒரு நீளமான சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. சேவுகப்பெருமாள் பம்பரில் காதை வைத்தான்.

“இந்த சென்சாரு வேலை செஞ்சா டிக் டிக்குன்னு உள்ளுக்குள்ள துடிக்கும். காதுக்குக் கேக்கும், விரலுக்கும் தெரியும்... இது துடிக்குது. இந்தா, இதுவும் துடிக்குது. அடுத்தது...” அவன் இடது பக்கம் நகர்ந்தான். தடவினான். வலது பக்கம் போனான். தடவினான். “அடுத்தது எங்க?”

“அம்புட்டுத்தான். இந்த வண்டிக்கு ரெண்டுதான்,” என்றார் சத்தியமூர்த்தி.

“ஆமா, ரெண்டுதான்! கம்பெனியிலேயே ரெண்டுதான் வச்சான்!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் மீனலோசனி.

“நாலு பட்டன் இருக்கணும்யா. போன மாசம் நான்தான வண்டியத் தொடச்சு விட்டேன். நாலு இருந்துச்சு.”

விரல் கணுவால் நடுவில் தட்டினான். பிளாஸ்டிக் சத்தம். இடது மூலையில் தட்டினான். டொக் டொக் என்றது. வலது மூலையும் டொக் டொக் என்றது. மூக்கை வைத்து முகர்ந்தான். கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“வண்டியவிட இந்த ரெண்டு மூலைதான் பளபளன்னு இருக்கு. மூஞ்சி தெரியுது. இது பெயிண்ட் இல்லய்யா. சுவரு.”

“சுவரா?”

“சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டித் தண்ணி. அதான் எறும்பு. உங்க ஊருப் பெரிய வீட்டுச் சுவத்துக்கு அடிக்கிற பூச்சு. வண்டிக்குச் சுவரு வச்சிருக்காக! இந்த வளவளப்பு சோணை கைக்குத்தான் வரும். என் வீட்டுச் சாமி ரூமுக்கும் அவன்தான் செஞ்சான்.”

அவன் போனை எடுத்தான்.

“அவன் வேலையில இருப்பான்!” மீனலோசனி பிரேக்கை விட்டு இறங்கியே விட்டாள்.

“வேலை நேரத்துல கூப்பிடக் கூடாது சேவுகம்!” என்றார் சத்தியமூர்த்தி.

“கையெல்லாம் சாந்தா இருக்கும்!”

“பாவம், சாரத்துல நிப்பான், விழுந்துருவான்!”

சேவுகப்பெருமாள் கையிலும் கிரீஸ். போனைக் காதில் வைக்க முடியாமல், ஸ்பீக்கரில் போட்டு வண்டியின் கூரைமேல் வைத்தான்.

“என்னண்ணே?” என்றது சோணையின் குரல்.

“சோணை, செட்டியாரய்யா வண்டிக்குப் பூசுனது நீதான?”

போனில் கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

“எந்தப் பக்கத்தக் கேக்குறண்ணே?”

“எந்தப் பக்கம்னா?”

“இல்லண்ணே, பக்கத்தப் பொறுத்து இருக்கு. இடது பக்கம்னா ஆச்சி. ஐயாவுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காக. வலது பக்கம்னா ஐயா. ஆச்சிக்குச் சொல்லக் கூடாதுன்னு அவரும் சத்தியம் வாங்கியிருக்காரு. நான் யாருகிட்டயும் மூச்சு விடல. ஒங்கிட்டத்தான் சொல்றேன்.”

செட்டில் தகரக் கூரை வெயிலில் விரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே... ஸ்பீக்கர்லயா இருக்கு?”

“ஆமாடா.”

“அவுக பக்கத்துலயா இருக்காக?”

“ரெண்டு பேரும்.”

“கும்புட்டுக்கிறேன் ஆச்சி. கும்புட்டுக்கிறேன்யா.”

“கும்புடு இருக்கட்டும்,” என்றான் சேவுகப்பெருமாள். “சென்சார எதுக்குடா அடைச்ச?”

“எனக்கு அது என்னன்னு தெரியுமாண்ணே? ஆச்சி பக்கம் பட்டன் உள்ள போயி ஓட்டையாக் கிடந்துச்சு. ஓட்டைய அடைக்கிறது என் வேலை. அடைச்சேன்.”

“ஐயா பக்கம்?”

“அவரு பக்கம் பட்டன் நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா கீறல்தான். ஆனா அந்தப் பக்கம் மொழுக்குன்னு இருக்கு, இந்தப் பக்கம் ஒரு பட்டன் நிக்கிது. பாக்க லட்சணமா இருக்குமா? இடது கைப் பக்கம் ஒரு மாடம் வச்சா வலது கைப் பக்கம் ஒரு மாடம் வைக்கணும். அதான அமைப்பு? அதுனால அதையும் மூடிவிட்டேன். நடுவுல ரெண்டையும் மூடியிருப்பேன், கலந்த சாந்து பத்தல.”

சேவுகப்பெருமாள் போனை அணைத்தான். மண்டியிட்டு, வலது மூலையில் ஒரு ஸ்குரூ டிரைவரால் பூச்சை நோண்ட ஆரம்பித்தான். இருவரையும் பார்க்காமல் வேலை செய்வதுதான் நல்லது என்று அவனுக்குத் தோன்றியது.

“எங்க இடிச்சீக?” என்றாள் மீனலோசனி.

“நீ எங்க இடிச்ச?”

“நான் முதல்ல கேட்டேன்.”

“நீ முதல்ல இடிச்ச!”

“தேனம்மை வீட்டு வாசல் தூணுல. ஒரு மாட்டு வண்டி நுழையிற வாசலு. இப்ப நீங்க சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். “நம்ம வீட்டுல.”

“நம்ம வீட்டுல எங்க?”

“பின்வாசல் கல்லுல.”

“பின்வாசல் கல்லுலயா? அது உங்க அப்பச்சி நட்ட கல்லு! நீங்க பொறக்குறதுக்கு முந்தியிருந்தே அங்குட்டுத்தான நிக்கிது! திடீர்னு நடந்தா வந்துச்சு?”

“வண்டி கத்தல மீனா! எப்பவும் கல்லுப் பக்கத்துல போனா கத்தும். அன்னைக்குக் கத்தல. சரி, இன்னும் இடம் இருக்குன்னு வந்தேன். நீ செஞ்ச வேலையாலதான் கத்தல! ஒன் ஓட்டையாலதான் நான் இடிச்சேன்!”

“ஓகோ.”

“என்ன ஓகோ?”

“சத்தம் கேட்டு வண்டி எடுக்குறவன் டிரைவரா?”

சத்தியமூர்த்தி வாயைத் திறந்தார்.

“கழுத்தத் திருப்பிப் பாக்கணும். நாப்பது வருஷமா உங்களுக்கு எந்த மிஷினு கத்துச்சு?”

சத்தியமூர்த்தி வாயை மூடினார்.

“ஒண்ணு, உங்களுக்குச் சத்தம் வேண்டாம். அப்ப நீங்களா இடிச்சீக. இல்ல, சத்தம் கேட்டுத்தான் ஓட்டுறீக. அப்ப நாப்பது வருஷம் சொன்னது பொய்யி. எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் சேவுகப்பெருமாளைப் பார்த்தார். அவன் எறும்பை ஊதிக்கொண்டிருந்தான்.

“இந்த முட்டையோடயா போன வெள்ளிக்கிழம பிள்ளையார்பட்டிக்குப் போன?” என்று வேறு பக்கமாக வந்தார் அவர்.

“முட்டை வெளியில நின்னுச்சு. பிள்ளையார் உள்ள இருந்தாரு.”

“அதெல்லாம் இருக்கட்டும். பேச்சுன்னா பேச்சு. ஒரு கீறல் விழுந்தா சாவிய எங்கிட்டத் தரணும். சிட்டாளாச்சி சாட்சி. கீறல் விழுந்தாச்சு, ஓட்டையும் விழுந்தாச்சு. குடு சாவிய.”

மீனலோசனியின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது. மணி மூன்றரை. தேனம்மை இந்நேரம் தலைக்குப் பூ வைத்திருப்பாள். இந்தச் சாவி போனால், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி புடவையைக் கட்டிக்கொண்டு, பேப்பர் எப்போது மடியும் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.  பிறகு பையைத் திறந்து சாவியை எடுத்தாள்.

“பேச்சுன்னா பேச்சு. இந்தாங்க.”

அவர் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டார்.

“உங்க சாவிய எடுங்க,” என்றாள்.

“எதுக்கு?”

“நீங்களும் இடிச்சீகல்ல?”

“அது ஒனக்குப் போட்ட சட்டம்!”

“கீறல் விழுந்தா சாவி மத்தவுக கைக்குப் போகணும். அதான சட்டம்? வண்டிக்குத் தெரியுமா, ஆம்பள கீறுனதா பொம்பள கீறுனதான்னு? வேணும்னா சிட்டாளாச்சியக் கேப்போம். போன் போடவா? பின்வாசல் கல்லுலேர்ந்து ஆரம்பிச்சு நானே சொல்றேன்.”

“சிட்டாளாச்சிக்கெல்லாம் எதுக்கு இப்பப் போனு...”

“சேவுகம், அவுக சாவி வண்டியிலதான கிடக்கு? எடுத்துக் குடு.”

சேவுகப்பெருமாள் நோண்டுவதை நிறுத்திவிட்டு எழுந்தான். சத்தியமூர்த்தியைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். வண்டியில் கிடந்த சாவியை எடுத்து மீனலோசனி கையில் வைத்தான்.

சத்தியமூர்த்தி தம் கையில் இருந்த அவளுடைய சாவியைப் பார்த்தார். அவள் கையில் இருந்த தம் சாவியைப் பார்த்தார். கணக்கு எங்கே தப்பியது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“இப்ப நான் தோத்தேனா, நீ தோத்தியா?”

“ரெண்டு பேரும் தண்டனைய அனுபவிக்கிறோம்.”

“வலது பக்கம் வந்துருச்சுய்யா,” என்றான் சேவுகப்பெருமாள். “பட்டன் முழுசா இருக்கு, துடிச்சுச்சு. இடதுதான் போச்சு. மதுரையிலேர்ந்து புதுசு வரணும், மூணு நாளாகும். அதுவரைக்கும் லைட்டு எரியும், ஒண்ணு போனா மத்ததும் கத்தாது. ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது. பின்னால எடுக்குறப்ப மட்டும் பாத்துக்கிருங்க.”

“அப்ப நான் கிளம்புறேன். நேரமாச்சு,” என்று மீனலோசனி ஓட்டுநர் சீட்டில் ஏறினாள்.

“எங்குட்டு?”

“கண்டனூரு. அங்குட்டிருந்து பிள்ளையார்பட்டி.”

“நான் வீட்டுக்கு எப்படிப் போறது?”

“உங்க கையிலதான் சாவி இருக்கே.”

“வண்டிய நீ எடுத்துக்கிட்டுப் போற!”

“அப்ப ஏறுங்க. முன்னால தேனம்மை உக்காருவா. பின்னால நடுவுல இடமிருக்கு.”

“ரெண்டு பொம்பளைகளுக்கு நடுவுலயா?”

“அவுக உங்கள ஒண்ணும் செய்ய மாட்டாக. பேச மட்டுந்தான் செய்வாக.”

அவர் ஏறவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் வண்டியைக் கிளப்பி ரிவர்ஸ் கியரைப் போட்டாள். வண்டி ஒரு நீளச் சத்தம் போட்டுவிட்டு ஊமையானது. செட் வாசல் குறுகல். அதில் பாதியை அடைத்துக்கொண்டு புல்லட்.

“ஆச்சி, பொறுங்க! என் புல்லட்டு!” என்று சேவுகப்பெருமாள் கிரீஸ் கையோடு ஓடி வந்தான்.

அதற்குள் சத்தியமூர்த்தி அங்கே போய்விட்டார். யாரும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிக்கும் புல்லட்டுக்கும் நடுவில் போய் நின்று, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கினார். வலது கை வா என்றது. இடது கை மெதுவாக என்றது. வாய் மட்டும் திறக்கவில்லை.

மீனலோசனி கண்ணாடியில் பார்த்தாள். அதில் அவருடைய வயிறு மட்டும்தான் தெரிந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்கண்ணாடி பூராவும் தூசி. ஒரு சாண் எடுத்தாள். நிறுத்தினாள். இன்னும் ஒரு சாண் எடுத்தாள். ஒரு சத்தத்தையும் காணோம். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

“ஏங்க, கைய ஆட்டுனா எனக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து கத்துங்க, இன்னும் எம்புட்டு இடம் இருக்கு?”